பெரிய டயர், பெரிய பந்தா, சின்ன பிரேக்

பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றை வாங்குகிறவர் முதலில் எதை மாற்றுகிறார்? பிரேக் லைனிங்கையா? இருபது வருஷமாக ஆடிக்கொண்டிருக்கும் ஸ்டியரிங் மூட்டுகளையா? அதெல்லாம் இல்லை. டயரை. அதுவும் தேய்ந்து போனதால் அல்ல, சின்னதாகத் தெரிவதால். கம்பெனி கொடுத்த ஏறத்தாழ 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31, 33 என்று ஏற்றி, மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அகல ரிம்மையும் மாட்டினால்தான் அவர் கண்ணுக்கு அது ஜீப். அப்புறம் சனிக்கிழமை விடியலில் சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, மரக்காணம், அனுமந்தை பக்கம் வந்து, மணலிலும் உப்பளத்து ஓரத்திலும் இறக்கிப் பார்ப்பது.

அவர் காசு, அவர் ஜீப், ஊருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். ஊருக்குத்தான் வருகிறது. அதுதான் இங்கே பிரச்சனையே.

முதலில் பெரிய டயர்க்காரர் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி மட்டும்தான் மேலே போகும். அடியில் தொங்கும் அச்சின் உருண்டை, அதாவது டிஃபரன்ஷியல், அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்த டயரைப் பெரிதாக்குவதைத் தவிர எளிய வழி கிடையாது. மணலில் அகல டயர் கொஞ்சம் மிதக்கும் என்பதும் பொய்யில்லை. பழைய அளவு டயர்கள் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதும் நிஜம்தான். ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டாகிவிட்டது.

சரி, இப்போது கணக்கு. பிளஸ் டூ இயற்பியல் போதும்.

29 அங்குலத்துக்குப் பதில் 33 அங்குல டயர் போட்டால் அச்சு எவ்வளவு உயரும்? நான்கு அங்குலம் அல்ல, அதில் பாதி, இரண்டு. 31 போட்டால் ஒரே ஒரு அங்குலம். இந்த ஒன்றிரண்டு அங்குலத்துக்குக் கொடுக்கும் விலை என்ன என்று பார்க்க வேண்டும்.

ஒன்று, வேகம். டயர் ஒரு சுற்றுக்கு 14 சதவீதம் அதிக தூரம் ஓடும். ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. முள் 60 காட்டும்போது ஜீப் 68-ல் போகும். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே முள் 60 காட்டும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுகிறது.

இரண்டு, பிடி. பிரேக் டிரம் அதே பழைய டிரம். அது கொடுக்கும் முறுக்கு விசை மாறவில்லை. ஆனால் ஆரம் நீண்டுவிட்டது. அதனால் அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை 12 சதவீதம் குறைகிறது.

இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால், முள்ளில் அதே 60, காலில் அதே அழுத்தம், ஆனால் நிற்கும் தூரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முன்பு 30 மீட்டரில் நின்ற வண்டிக்கு இப்போது 44 மீட்டர் வேண்டும். புது டயரும் ரிம்மும் கூட்டும் எடையை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பூஸ்டர் இல்லாதவையும் உண்டு. உப்புத் தண்ணீரில் ஒருமுறை முங்கி எழுந்த டிரம் காயும்வரை பிடிக்காது என்பது எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

அந்தக் கூடுதல் 14 மீட்டரில் யார் நிற்கிறார்கள்? இங்கேதான் அனுமந்தை வருகிறது. இந்தக் கரையில் கிழக்கே கடலும் குப்பங்களும், மேற்கே உப்பளமும் கழுவெளியும், நடுவில் வேகச் சாலை. வெயில் ஏறும் முன் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் உப்பளத் தொழிலாளிகள் இருட்டோடு கிளம்புகிறார்கள். பெண்கள் நடந்து, ஆண்கள் சைக்கிளில், சாலையைக் கடந்து. மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்பவர்களும் அதே ஓரத்தில்தான். ஜீப்பின் தோற்றத்துக்கு ஆன செலவு ஒருவருடையது, நிற்காமல் போகும் தூரம் இவர்களுடையது. இதில் என்ன வீரம்?

மூன்று, இழுவை. மஹிந்திரா எம்.எம். 540-ல் இருந்த 2.1 லிட்டர் பெஜோ டீசல் எஞ்சினின் சக்தி சுமார் 62 குதிரைத்திறன். பெரிய டயர் போடுவது, எல்லா கியரையும் ஒரு பங்கு உயர்த்திவிடுவதற்குச் சமம். மணலில் மெதுவாக, முறுக்கோடு ஊர வேண்டிய இடத்தில் ஜீப் முக்கி முனகி அணையும். உடனே கிளட்சை அரைப்பார்கள். எந்தக் காரியத்துக்காகப் பெரிய டயர் வாங்கினார்களோ, அந்தக் காரியத்திலேயே எஞ்சின் பலவீனமாகிவிடுகிறது.

நான்கு, மூட்டுகள். வெளியே துருத்தும் ரிம் ஒரு நெம்புகோல். வீல் பேரிங், கிங் பின், ஸ்டியரிங் கம்பிகள் எல்லாம் வேறு அளவுக்குக் கணக்கிட்டுச் செய்தவை. உப்புக் காற்றில் துருப்பிடித்த சேஸிஸும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

"அப்படியானால் மணலில் மாட்டிக்கொள்ளட்டுமா?" என்பார்கள். வேண்டாம். காற்றை இறக்குங்கள். வண்டியின் எடை மாறாது. டயருக்குள் 30 பவுண்டு அழுத்தம் இருப்பதை 15 ஆக்கினால், அந்த எடையைத் தாங்க டயர் தரையில் ஏறத்தாழ இரு மடங்கு பரப்பில் படிய வேண்டும். டயர் நீளவாட்டில் படிந்து, டாங்கியின் பட்டை மாதிரி மணலைப் பிடிக்கும். இதற்குத் தேவை ஒரு காற்றுமானியும், பாட்டரியில் ஓடும் ஒரு குட்டிக் கம்ப்ரசரும். தார்ச் சாலைக்கு ஏறும் முன் மறக்காமல் காற்றை நிரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கிழியும். ரொம்பவும் இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். அவ்வளவுதான் வித்தை. செலவு, ஒரு பெரிய டயரின் விலைகூட வராது.

சந்தேகம் இருந்தால் சரித்திரத்தைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்காக ஆறு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகள் ஓடியது 6.00-16 என்ற ஒல்லி டயரில்தான். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கும் அதே டயர், பர்மாச் சேற்றுக்கும் அதே டயர். அந்த வில்லிஸின் வாரிசுதான் மஹிந்திரா ஜீப். தாத்தா பாலைவனத்தைத் தாண்டிய டயரில் பேரனால் அனுமந்தைக் கரையைத் தாண்ட முடியாதாம்! என்ன கொடுமை இது!

உப்பளத்தில் கதை இன்னும் மோசம். மேலே காய்ந்த பொருக்கு, கீழே களிமண். அகல டயர் பொருக்கை உடைத்து உள்ளே போனால் இழுத்துக்கொண்டு வர டிராக்டர்தான் வரவேண்டும். அந்தப் பாத்தியும் வரப்பும் தானாக முளைத்தவை அல்ல. வடகிழக்குப் பருவமழை கரைத்துவிட்டுப் போனதை ஒவ்வொரு வருஷமும் மனிதர்கள் மிதித்து, கெட்டிப்படுத்தி, சரிசெய்து உண்டாக்கியவை. ஒரு வரப்பு உடைந்தால் அடர்த்தி ஏறிய உப்புநீர் வீணாகும். ஞாயிறு மாலை ஜீப் ஊருக்குத் திரும்பிவிடும், வரப்பை அணைக்கக் கூலி கொடுப்பது யார்?

கடற்கரைப் பக்கம் போனால், ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். மணலுக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் ஒன்றரை, இரண்டு மாதம் முட்டைகள் கிடக்கும். பொரித்து வெளியே வரும் குஞ்சுக்கு ஒரு டயர்த் தடம் என்பது பள்ளத்தாக்கு. அதில் விழுந்து கடலுக்கு வழி தெரியாமல் அலைந்தால் காக்கைக்கும் நாய்க்கும்தான் இரை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது, புலிக்குச் சமமான இடம்.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டியைப் பதிவு புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் கொண்டுபோகிற நாளில் மட்டும் பழைய டயரை மாட்டிக்கொண்டு போகலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஆய்வாளரை ஏமாற்றலாம். நிற்கும் தூரத்தை ஏமாற்ற முடியாது. விபத்து நடந்தபின் காப்பீட்டுக்காரர் கேட்கும் கேள்விக்கும் பதில் இருக்காது.

அதற்காகச் சட்டம் இருக்கிறபடியே நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஐஸ்லாந்தில் 38 அங்குலமும் அதற்கு மேலும் போட்டுப் பனிமலை ஏறுகிறார்கள். ஆனால் அங்கே டயரோடு கியர் விகிதத்தையும் மாற்றி, மட்கார்டை விரித்து, ஸ்பீடோமீட்டரைத் திருத்தி, ஆய்வுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டு விதி நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கு விட்டத்தில் 50 மில்லிமீட்டர் வரை கூட்டலாம் என்று எல்லை கட்டியிருக்கிறது. இங்கேயும் இப்படி ஒரு அளவும், பிரேக்கைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடும் வரவேண்டும். அப்போது நேர்மையாகச் செய்ய நினைப்பவருக்கு ஒரு வழி இருக்கும், பந்தாவுக்குச் செய்பவருக்குச் சாக்கு இருக்காது.

அதுவரை? பழைய ஜீப்புக்கு 6.00-16 கிடைக்காவிட்டால் பதினைந்து அங்குல ரிம்முக்கு 235/75 அளவு இருக்கிறது. விட்டம் கணக்குப் போட்டால் 733 மில்லிமீட்டர், அதாவது அதே 29 அங்குலம். அகலம் கூடுவதால் மட்கார்டிலும் ஸ்டியரிங்கிலும் உரசுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ரிம் வெளியே துருத்தவும் கூடாது. மிச்சமாகும் பணத்தில் நான்கு டிரம்முக்கும் புது லைனிங், ஒரு மாஸ்டர் சிலிண்டர், ஸ்டியரிங் மூட்டுகள், ஒரு கம்ப்ரசர் வாங்கலாம். படத்தில் அவை தெரியாதுதான். விடியற்காலை அனுமந்தையில் சாலையைக் கடக்கிறவருக்கு, ஜீப் தனக்குப் பத்தடி முன்னால் நின்றது மட்டும் தெரியும்.