கிட்டிப்புள்ளை நிறுத்தினது யாருங்க?

"இந்தக் காலத்துப் பசங்க போனே கதினு கெடக்குதுங்க"ன்னு டீக்கடையில பொலம்புறோம். அந்தப் போனை வாங்கிக் குடுத்தது யாருங்க? சோறு ஊட்டுற சாக்குல என் பேரன் கையில குடுத்தவன் நான்தான்.

தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊரு. வாகை மரத்துல சாமியையே செதுக்குற ஊர்ல, ஒரு கிட்டியும் புள்ளும் சீவித் தர நமக்கு நேரமில்லையாம்!

போன ஞாயித்துக்கிழமை வேப்பங்கொம்பு வெட்டினேன். ஒரு முழத்துக்குக் கிட்டி, ரெண்டு முனையும் சீவி சாணுக்கும் குறைவா புள்ளு. அரை மணி நேரத்துல தெருப் பசங்க பூரா கூடிட்டாங்க. புள்ளு விழுந்த தூரத்தைக் கிட்டியால அளந்தாங்க, சண்டை போட்டாங்க, அவங்களே தீர்த்துக்கிட்டாங்க. போனை யாரும் தேடல.

பசங்க மாறலைங்க. சொல்லிக் குடுக்கறதை நிறுத்தினது நாமதான். பழியை அவங்க மேல போடாம, அருவாளை எடுத்து ஒரு கொம்பு வெட்டுங்க.