சந்தையைக் கூட்டுவது கொட்டகை அல்ல

‘நல்லதொரு செயலியைச் செய்துவிட்டால் போதும், வியாபாரம் தானாக வரும்’ என்ற பேச்சை யாழ்ப்பாணத்தில் இப்போது அடிக்கடி கேட்கிறேன். இளைஞர்களின் முதலைக் கரைக்கும் தவறான எண்ணம் இது என்பதே என் வாதம்.

சண்டிலிப்பாய் விவசாயி தமது கத்தரிக்காய் மூட்டையைச் சங்கானைக்கோ சுன்னாகத்துக்கோ கொண்டுசெல்வது சந்தைக் கொட்டகையின் அழகுக்காகவா? வாங்குவோர் அங்கே கூடுவதால் விற்போர் போகின்றனர். விற்போர் போவதால் வாங்குவோர் கூடுகின்றனர். இருதரப்பையும் இணைக்கும் இணையத்தளமும் சந்தைதான். கூட்டம் முதலில்; கொட்டகை பிறகு.

முருகவேல் ஜானகிராமன் 1997இல் அமெரிக்காவில் இருந்தபடி தமிழருக்கென ஓர் இணையத்தளம் தொடங்கினார். அதில் மக்கள் பெரிதும் நாடியது வரன் தேடும் பகுதியையே. அதைக் கண்டுகொண்டு 2000இல் பாரத் மேட்ரிமோனியைத் தொடங்கினார். 2017இல் அந்நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. கூட்டம் நின்ற இடத்தில் அவர் கொட்டகை போட்டார்.

ஊபரிடம் பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும் 2016இல் சீனத் தொழிலை டிடியிடமும், 2018இல் தென்கிழக்காசியத் தொழிலை கிராப்பிடமும் கொடுத்துவிட்டு வெளியேறியது. நியூயோர்க்கில் ஆயிரம் வண்டிகள் நிற்பதால் கொழும்பில் வண்டி தேடுபவருக்கு என்ன பயன்? ஊருக்கு ஊர் சந்தையைப் புதிதாகக் கூட்டவேண்டும். 2015இல் தொடங்கிய இலங்கையின் பிக்மீ, நம் வீதிகளின் முச்சக்கரவண்டிகளைச் சேர்த்து ஊபருக்கு ஈடுகொடுத்து, 2024இல் கொழும்புப் பங்குச்சந்தையில் இடம்பெற்றது.

கூட்டம் சேர்ந்தாலும் போதாது. வீடு துப்புரவாக்கப் பணியாளரை அனுப்பிய அமெரிக்க ஹோம்ஜோய் 2015இல் மூடப்பட்டது. தொழிலாளர் வழக்குகள் ஒருபுறம். மறுபுறம், நம்பிக்கையான பணியாளர் ஒருவர் கிடைத்தபின் இடையில் தரகர் எதற்கு? நேரே பேசிக்கொள்ளலாமே! ஒவ்வொரு முறையும் பயன் தராத தரகரை எவரும் இரண்டாம் முறை தேடுவதில்லை.

ஆனால், வெற்றிக்குப் பின் வரும் ஆபத்தே பெரிது. யாழ்ப்பாணச் சந்தைகளில் விவசாயியின் மரக்கறியில் பத்து வீதத்தைக் ‘கழிவு’ என்று எடுக்கும் வழக்கத்துக்கு எதிராக எத்தனை குரல்கள் எழுந்தன! போக வேறு சந்தை இல்லாதவர் பொறுத்துக்கொண்டார். சாரதியிடம் செயலி அறவிடும் தரகும் இதே கழிவுதான். போக்கிடம் இல்லையென்று தெரிந்தபின் அதை உயர்த்துவதை வெற்றி என்று எழுத என் பேனா மறுக்கிறது.

செயலி செய்யப் புறப்படும் தம்பி தங்கையரே, கணினியைத் திறக்குமுன் சங்கானைச் சந்தையில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். யார் வருகிறார்கள், ஏன் மீண்டும் வருகிறார்கள், திரும்பும்போது அவர்கள் கையில் என்ன மிஞ்சுகிறது? மூன்றாவது கேள்வியை மறந்தவரின் சந்தை, இன்னொரு சந்தை கூடும் வரைதான்.