பாம்புக்கு ஒரு சூட்டு அலமாரி

(மூன்றாம் ஆண்டு மாணவர், மின் மற்றும் மின்னணுப் பொறியியல் துறை)

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் பிராஜெக்ட் பேட்ச் என்ற படையில் மொத்தம் நாலு பேர். நாலு பேரும் நடுங்கினோம். ஆனால் பாம்பைப் பார்த்து நடுங்கவில்லை. எதைப் பார்த்து என்று பின்னால் சொல்கிறேன்.

"ஏண்டா, மலருக்குக் கட்டுரை கேட்டா அவனவன் நட்பு, அன்னை, வேலையில்லாத் திண்டாட்டம்னு எழுதித் தர்றான். நீ பாம்புக்கு அலமாரிங்கிறே?" என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்று வருஷம் இங்கே படித்ததில் உருப்படியாக ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது என்றால் அது இந்த அலமாரியால்தான். எனவே பொறுத்தருள்க.

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் நாய், பூனை வளர்ப்பது போலப் பாம்பு வளர்க்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் விஷமில்லாத இனங்கள். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக் ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கம் வாழும் பால் பைதான் இன்னொன்று. (பால் குடிக்கிற பைதான் என்று நினைத்துவிடாதீர்கள்! பயந்தால் பந்து போலச் சுருண்டு கொள்ளும், அந்த 'பால்'. எந்தப் பாம்பும் பாலுக்கு ஏங்குவதில்லை என்பதை நம் ஊரில் நம்ப வைப்பது தனிக் கட்டுரை.)

ஒன்றிரண்டு பாம்பு என்றால் கண்ணாடிப் பெட்டி போதும். பத்து, இருபது என்று பெருகினால் வீட்டில் இடம் ஏது? அதற்கு அவர்களே வீட்டில் செய்துகொள்வதுதான் ரேக். பிளைவுட்டில் புத்தக அலமாரி மாதிரி ஒரு சட்டம். தட்டுக்குத் தட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பா, மேசை டிராயர் போல இழுத்தால் வெளியே வரும். டப்பாவுக்கு மூடி கிடையாது. மேலே இருக்கும் தட்டுதான் மூடி. இடைவெளி கொஞ்சம் கூடினால் குட்டிப் பாம்பு நழுவிவிடும். இடைவெளியே இல்லாவிட்டால் டப்பா உரசி நகராது. ஆகவே மில்லி மீட்டர் கணக்கில் அளந்து அடிக்கிறார்கள். காற்றுக்கு டப்பாவின் பக்கவாட்டில் ஓட்டைகள்.

இனிமேல்தான் நம் பாடம். ஒவ்வொரு தட்டின் பின்பகுதியிலும் ஹீட் டேப் ஒட்டுகிறார்கள். இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே கார்பன் மை அச்சிட்ட பட்டை அது. ஓரங்களில் ஓடும் உலோகப் பட்டைகளுக்கு சப்ளை கொடுத்தால் சூடாகும். டப்பாவின் அடியில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் சூடு பட வேண்டும். காரணம், பாம்புக்கு நம்மைப் போல உடம்புக்குள்ளேயே சூட்டைத் தயாரிக்கத் தெரியாது. (அடைகாக்கும் சில மலைப்பாம்புகள் தசையை நடுங்க வைத்து முட்டைக்குச் சூடேற்றும். அது விதிவிலக்கு.) குளிர்ந்தால் சூட்டுப் பக்கம் போகும், சூடானால் குளிர்ந்த பக்கம் நகரும். பால் பைதானுக்கு ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26 டிகிரி சுமாருக்கு வைக்கிறார்கள். சூடு போதாவிட்டால் தின்ற எலி ஜீரணமாகாமல் வாந்தியாக வந்துவிடும். சூடு மிஞ்சினாலோ இன்னும் மோசம். பாம்பு அடி வயிறு வெந்த பிறகும் சில நேரம் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.

ஆக, சூடு உண்டாக்குவது பெரிய விஷயமே இல்லை. அதை நிறுத்துவதுதான் வேலை! வீட்டில் ரேக் கட்டுகிறவர்கள் இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் தச்சர்கள், டிரைவர்கள், கடை வைத்திருப்பவர்கள். சர்டிபிகேட் எதுவும் இல்லை. ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாமல் டேப்பை பிளக்கில் சொருகாதே என்பது அவர்களுக்கு அரிச்சுவடி. சென்சாரை எங்கே ஒட்டுவது என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். இழுத்து மூடும் டப்பாவுக்குள் வைத்தால் பாம்பு அதை நகர்த்திவிடும், தண்ணீர் கொட்டும், ஒயர் மடங்கி மடங்கி அறும். அதனால் அசையாத தட்டில், டேப்பின் மேலேயே ஒட்டு என்பார்கள். தெர்மோஸ்டாட் கெட்டுப்போனால்? அதற்கும் பதில் உண்டு. இரண்டு, மூன்று டிகிரி கூடுதலாக செட் செய்த இன்னொரு தெர்மோஸ்டாட்டைத் தொடரில் போடு, முதலாவது ஏமாற்றினால் இரண்டாவது கட் பண்ணும்.

எங்கள் பேட்ச் நண்பன் ஒருவன், "அந்த டேப்பை வரவழைச்சு நம்ம பிளக்கில் மாட்டிடலாம்டா" என்றான். ஒரு நிமிஷம் கணக்குப் போடுவோம். அமெரிக்க சப்ளை 120 வோல்ட். 11 அங்குல டேப் அங்கே ஒரு அடிக்குச் சுமார் 20 வாட். 3 அடித் தட்டு ஐந்து என்றால் 300 வாட். இங்கே 230 வோல்ட். மின்தடை மாறாது, ஆனால் வாட் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 3.67 மடங்கு! 300 வாட் அலமாரி 1100 வாட் அடுப்பாகிவிடும். முதல் வருஷம் படித்த பாடம்தான். பரீட்சையில் எழுதினோம், பிளக் முன்னால் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை.

இந்த ரேக் பாம்புக்கு நல்லதா என்பதில் அங்கேயே சண்டை இருக்கிறது. நீட்டிப் படுக்க இடமில்லாத இருட்டு டிராயரில் ஒரு ஜீவனை ஆயுள் முழுக்க வைப்பது வீடா, ஃபைல் கேபினெட்டா என்று கேட்கிறவர்கள் உண்டு. என் ஓட்டு அவர்களுக்குத்தான். குட்டிகளுக்குக் கொஞ்ச காலம் சரி. வளர்ந்த பாம்புக்கு இடம் வேண்டும்.

நம் நாட்டில் பேச்சே இல்லை. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. வெளிநாட்டு இனங்களிலும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகள் வந்துவிட்டன. பால் பைதானும் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் சட்டப்படி பாம்பைப் பிடித்து வைத்திருப்பவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துக்குப் போகலாம். 1978-ல் தொடங்கியது. விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கிறார்கள். பாம்பு இருப்பது மண்பானையில்! வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். சில வாரம் வைத்திருந்து காட்டில் விட்டுவிடுவார்கள். நம் வெயிலில் பாம்புக்குச் சூடு கொடுக்க வேண்டியதில்லை, வெயில் படாமல் பார்த்தால் போதும். பானையில் ஒயர் இல்லை, ரிலே இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு எங்கள் சர்க்யூட்டைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். வெளிநாட்டு ரேக் மாடலில் மூன்று தட்டு அலமாரி, டெம்பரேச்சர் கண்ட்ரோலரோடு. இதுதான் பிராஜெக்ட். பாம்பு வைக்க முடியாது. வெறும் டப்பாவைக் காட்டினால் "அப்ளிகேஷன் என்ன?" என்று கேட்பார்கள். அப்போது அப்பத்தாவின் நாட்டுக்கோழி ஞாபகம் வந்தது. டப்பாவில் முட்டை வைப்போம்! பாம்புக்கு 32 டிகிரி என்றால் கோழி முட்டைக்கு 37.5. செட்டிங்கை மாற்றினால் போச்சு. ஹீட் டேப்புக்குப் பதில் தகரத்துக்குப் பின்னால் இரண்டு 60 வாட் குண்டு பல்ப். எல்.எம்.35 சென்சார், ஒரு கம்பேரட்டர், ஒரு ரிலே. அப்பத்தா 11 முட்டை கொடுத்தது. அடைக்கு உட்கார்ந்த கோழியைக் கிளப்பிவிட்டு எடுத்துக் கொடுத்த முட்டை.

சென்சாரை டப்பாவுக்குள் ஒட்டினோம். ஆமாம், எந்த இடத்தில் ஒட்டக்கூடாது என்று ஊரெல்லாம் எச்சரிக்கிறதோ அதே இடத்தில். முட்டையைத் திருப்பி வைக்க ஒரு நாளைக்கு மூன்று தடவை டப்பாவை இழுத்தோம், தள்ளினோம். பதினேழாம் நாள் ராத்திரி சால்டர் பண்ணிய இடத்தில் ஒயர் விட்டுப்போச்சு.

எல்.எம்.35 டிகிரிக்கு 10 மில்லி வோல்ட் கொடுக்கும். 37.5 டிகிரி என்றால் 375 மில்லி வோல்ட். அதற்குக் குறைந்தால் பல்ப் எரியும், கூடினால் அணையும். ஒயர் அறுந்தால் எங்கள் சர்க்யூட்டுக்குக் கிடைப்பது 0 வோல்ட், அதாவது 0 டிகிரி! மாசி மாதத்தில் அப்பத்தா வீட்டுத் திண்ணையில் பனிக்கட்டி உறைகிறது என்று நம்பிக்கொண்டு அந்த அறிவாளி சர்க்யூட் ராத்திரி முழுக்க பல்பை எரியவிட்டது. காலையில் பிளாஸ்டிக் நாற்றம். டப்பாவின் ஓரம் உருகித் தொங்கியது. பிளைவுட் பழுப்பேறியிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கூரை வீட்டுத் திண்ணை, நினைக்கவே பயமாக இருக்கிறது. ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தோம். இறகு முளைத்த குஞ்சு. மற்றதை உடைக்க மனசு வரவில்லை.

அப்பத்தா திட்டவில்லை. "அடைக்கோழியா இருந்தா, சூடு தாங்கலேன்னா அது எந்திரிச்சுப் போயிருக்கும்டா. ஒம் பொட்டிக்கு எந்திரிக்கத் தெரியலையே" என்றது. அவ்வளவுதான்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஒயரைத் திரும்ப சால்டர் பண்ணி, புது டப்பா வாங்கி, பழுப்புக்கு மேல் பெயிண்ட் அடித்து வைவாவுக்குக் கொண்டு போனோம். அங்கேதான் நடுங்கினோம். "இந்த ஒயர் அறுந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிடுவாரோ என்று. கேட்கவில்லை. சென்சாரைக் கையால் மூடிப் பிடித்தார், சூடானதும் பல்ப் அணைந்தது. விட்டார், எரிந்தது. "வெரிகுட்!" நாலு பேருக்கும் நல்ல மார்க். வெளியே வந்து டீ சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை.

என் கருத்து இதுதான். நம் பிராஜெக்டுகளில் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம். எப்படிக் கெட்டுப்போகும் என்று யாரும் பார்ப்பதில்லை. சீனியர்களிடம் பழைய பிராஜெக்டை வாங்கி ரிப்போர்ட்டில் பேர் மாற்றுகிறவர்களையும், காசு கொடுத்துக் கடையில் ரெடிமேடாக வாங்குகிறவர்களையும் விடுங்கள். சொந்தமாகச் செய்த நாங்களே இப்படித்தானே செய்தோம்? ஆகவே சூடு, மோட்டார், பம்ப் என்று எதையாவது கண்ட்ரோல் செய்கிற பிராஜெக்ட் எதுவானாலும் வைவாவில் எக்ஸாமினர் ஒரு கட்டிங் பிளேயரோடு உட்கார வேண்டும். சென்சார் ஒயரை அவர் கையாலேயே வெட்டட்டும். ஹீட்டர் அணைந்தால் மார்க். எரிந்துகொண்டே இருந்தால் அடுத்த தடவை வா!

"டிப்ளமோ லெவலுக்கு இதெல்லாம் ஓவர்" என்று ஒரு நண்பர் சொன்னார். ஓவரா? எங்கள் சர்க்யூட்டில் இன்னொரு கம்பேரட்டர் சேர்த்தால் போதும். சென்சார் 50 மில்லி வோல்ட்டுக்குக் கீழே, அதாவது 5 டிகிரிக்குக் கீழே காட்டினால் அதைக் குளிர் என்று எடுத்துக்கொள்ளாதே, கோளாறு என்று எடுத்துக்கொண்டு கட் பண்ணு. (ஊட்டி நண்பர்கள் மன்னிக்கவும். உங்களுக்கு வேறு செட்டிங்.) சிலர் என்.டி.சி. தெர்மிஸ்டர் போடுகிறார்கள். அதற்கும் இதே வியாதிதான். குளிரக் குளிர மின்தடை கூடும், ஆகவே ஒயர் அறுந்தால் கடுங்குளிர் என்று காட்டும். அதோடு ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொள்வது உண்டு, டிரையாக் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அப்போது எத்தனை கம்பேரட்டர் இருந்தும் பிரயோஜனமில்லை. கீசரில் இருக்கிற மாதிரி தனியாக ஒரு பைமெட்டல் கட்-அவுட் பல்புக்குத் தொடரில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து நாம் ஒரு சினிமாவுக்குச் செலவழிக்கும் காசுதான்.

மார்க் வாங்கின பிறகு அதை எங்கள் பெட்டியில் செய்தேன். சென்சாரைத் தட்டிலேயே ஒட்டினேன், இரண்டாவது கம்பேரட்டர் போட்டேன், கட்-அவுட் மாட்டினேன். போன லீவில் ஊருக்கு எடுத்துப் போய் திண்ணையில் வைத்து சுவிட்சைப் போட்டேன். அப்பத்தா தள்ளி நின்று பார்த்தது.

"ஒயரு அத்துக்கிட்டா?" என்று கேட்டது.

பிளேயரை எடுத்து ஒயரை வெட்டினேன். டக்கென்று ரிலே சத்தம். பல்ப் அணைந்தது. கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு, "சரி, அந்த ஒயர ஒட்டி வையி. கருப்பி அடைக்கு உக்கார நாளாகும். அதுக்குள்ள ஒரு அஞ்சு முட்டை தாரேன். அஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனது.