உடுக்கைக்கு ரிவைண்ட் கிடையாது!

எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல நாட்டுப்புறப் பாட்டுப் போட்டிக்கு நாலே நிமிஷம்தான்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. அதைப் படிச்சுட்டு என் பெஞ்ச்மேட் விழுந்து விழுந்து சிரிச்சான். பையன் மணப்பாறை பக்கம். அவன் தாத்தா உடுக்கை அடிச்சு பொன்னர் - சங்கர் கதை பாடறவர். "நாலு நிமிஷத்துல தாத்தா பிள்ளையாரைக் கும்பிட்டே முடிக்க மாட்டாருடா!"

ஸ்ரீரங்கத்துக்காரனான எனக்கு அது கலைஞர் எழுதின நாவல், 2011ல பிரசாந்த் டபுள் ஆக்‌ஷன் பண்ணின படம், அவ்வளவுதான். நம்ம திருச்சி மாவட்டத்துலயே வீரப்பூர்ல அந்த அண்ணன்மாருக்குக் கோயில் இருக்கு. மாசியில திருவிழா. படுகளத்துல செத்த மாதிரி விழுந்து கிடக்கிறவங்களை எழுப்புற காட்சி இருக்கே... கதையைக் கேட்டு வளர்ந்தவங்க அழுதுடுவாங்களாம்.

1965ல ப்ரெண்டா பெக்னு ஒரு மானுடவியல் ஆராய்ச்சியாளர், காங்கேயம் பக்கத்துக் கிராமத்துல தங்கி இதே கதையை டேப்ல பிடிச்சாங்க. ஊர் ஜனங்க முன்னாடி, 18 ராத்திரி! செம மேட்டர் இனிமேதான். அதே பாடகர், கூட்டமே இல்லாம, எழுதிக்கிறவருக்காகவும் ஒரு தடவை முழுக்கதையைச் சொன்னார். ரெண்டும் ஒண்ணா இல்லை. ஆள் ஒருத்தர், கதை ஒண்ணு. எதிர்ல உட்கார்ந்தவங்க மாறினதும் பாட்டும் மாறிடுச்சு. ரெண்டையும் ஒப்பிட்டு அவங்க எழுதின புத்தகம் 1982ல வந்தது.

அமெரிக்காவுலயும் இதே கூத்துதான். 1916ல சிசில் ஷார்ப்னு ஒரு இங்கிலாந்துக்காரர் அப்பலாச்சியன் மலைக்குப் போய் தன் நாட்டுப் பழைய பாட்டுகளைத் தேடினார். கப்பலேறிக் குடியேறினவங்களோட போன பாட்டுங்க. இருந்துச்சு, ஆனா மெட்டு வேற, வார்த்தை வேற. நமக்குக் கடலெல்லாம் வேணாம். காங்கேயத்துலேர்ந்து மணப்பாறை வந்தாலே போதும்!

சரி, நாமளும் பதிவு பண்ணுவோம்னு போன ஞாயித்துக்கிழமை செல்போனோட கிளம்பினோம். தாத்தா உடுக்கையை எடுத்தார், திரும்ப வெச்சுட்டார். "பின்பாட்டு யாரு தம்பி பாடுவா?" கூடவே பாடினவர் ரெண்டு வருஷம் முன்னாடி போய்ச் சேர்ந்துட்டார். அதுக்கப்புறம் தாத்தா முழுக்கதை பாடவே இல்லையாம். நான் போனை ஆஃப் பண்ணப் போனேன். பேரன் சட்டுனு எதிர்ல போய் உட்கார்ந்துட்டான்.

சுதியாவது சுரமாவது! சி ப்ளஸ் ப்ளஸ்ல புலி, பின்பாட்டுல எலி. தாத்தா நடுவுல நடுவுல நிறுத்தி, "வாயைத் திறந்து சொல்றா!"ன்னு திட்டறார். பதிவானது பதினோரு நிமிஷம், அதுல மூணு நிமிஷம் திட்டு. அதை நான் கட் பண்ணலை.

அடுத்த வாரம் இன்டர்னல்ஸ். நோட்ஸ் கேட்கலாம்னு நேத்து அவனுக்குப் போன் போட்டேன். மணப்பாறை பஸ்ல இருக்கானாம்.