சென்று தேய்ந்திறும் கதைகள்

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினைத் தொகுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று 'சென்றுதேய்ந்திறுதல்'. விழுமிதாய்த் தொடங்கி, வரவர மெலிந்து முடிதல் என்பது பொருள். இதற்கு உதாரணந் தேடி நின்ற என்னை மாணாக்கி ஒருத்தி முந்திக்கொண்டாள். “ஐயா, சன் தொலைக்காட்சி நாடகங்களைச் சொல்லலாமே” என்றாள். வகுப்பு நகைத்தது. யான் நகைக்கவில்லை, உதாரணம் மிகப் பொருத்தமானது.

நம் நாட்டுத் தமிழ் இல்லங்களிலும் இந்நாடகங்கள் நாள்தோறும் பார்க்கப்படுவன. அவற்றை இகழ்ந்து ஒதுக்குதல் பண்டிதர்க்கு அழகாகலாம், ஆசிரியர்க்கு அழகன்று. திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' 2003 தொடக்கம் 2009 வரை 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. அதில் அவரே ஏற்று நடித்த பாத்திரத்தின் பெயர் தொல்காப்பியன். அப்பெயர் இரவுதோறும் வீடுகளில் ஒலிக்க, எனக்கும் உள்ளூர ஓர் உவகை இருந்ததென்பதை மறைப்பானேன்?

அவருடைய 'எதிர்நீச்சல்' 2022 இல் தொடங்கியது. ஆண்களின் அதிகாரம் ஓங்கிய ஒரு வீட்டில் மருமக்களாய் ஒடுங்கிய கற்ற பெண்கள் நிமிர முயலுங் கதை. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பரில் திடீரென மறைந்தார். அவ்விடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அதன்பின்னரே நாடகங் களையிழந்தது என்பார் பலர். அந்நடிகரின் இழப்புப் பெரிதே. ஆயினும் நோய் அதற்கு முன்னரே உள்ளிருந்தது என்பது என் துணிபு.

அக்கதைக்கு முதல் அப்பெண்களின் துன்பம். அவர்கள் வென்றால் கதை முடியும்; கதை முடிந்தால் விளம்பர வருவாய் முடியும். ஆகவே அவர்கள் வெளியே எடுத்துவைத்த காலை மீண்டும் மீண்டும் உள்ளே இழுக்க நேர்கின்றது. பெண்விடுதலை பேசவந்த நாடகம், தான் பிழைத்திருத்தற்பொருட்டுப் பெண்களை அடைத்துவைக்கும் வீட்டை இடியாமற் காக்கவேண்டியதாயிற்று! எழுதுவோர் திறமையற்றவரல்லர். எங்கே நிறுத்துவது என்னும் உரிமை அவர் கையில் இல்லை. முடிவு தெரியாதவன் நடுவை எவ்வாறு அமைப்பான்? ஒரு சுடுசொல்லுக்கு வீட்டார் அனைவர் முகத்தையும் வரிசையாகக் காட்டுதல் கூறியது கூறல். இடையிற் புகும் ஆட்கடத்தல் மற்றொன்று விரித்தல். நேற்றுத் துணிந்தவள் இன்று காரணமின்றி அஞ்சுதல் மாறுகொளக் கூறல். யாவும் அவ்வொரு குறையின் பிள்ளைகளே.

நீளமே குற்றமென்று கொள்ளற்க. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். அருள்மொழிவர்மன் முடியை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கும் இடம் கதைக்கு எல்லையாய் அமைந்திருந்தது. அதை நோக்கியே அத்தனை கிளைகளும் ஓடின. இந்தியத் தூர்தர்ஷனில் 13 வாரத் தொடர்கள் வழக்கிலிருந்த காலத்திலும் எல்லை உண்டு. அவை யாவும் நல்லனவா என்றால், அல்ல. ஆனால் தேய்வதற்கு அவற்றுக்கு நேரமில்லை.

'எதிர்நீச்சல்' 2024 யூனில் முடிந்தது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மீண்டும் வந்தது. பெயரிட்டவர் பொய் சொல்லவில்லை. அந்த மாணாக்கியும் அதைப் பார்க்கின்றாளாம். ஏன் என்று வினவினேன். “இந்த முறையாவது அவர்கள் அந்த வீட்டை விட்டுப் போவார்களோ என்று பார்க்கிறேன், ஐயா” என்றாள். யான் நன்னூலைப் புரட்டி அடுத்த குற்றத்துக்குச் சென்றேன்.