கோபத்துக்கும் நிறம் உண்டா?

கொடுங்குற்றம் புரிந்த ஒருவர் சிறையிலிருந்து வெளியே வந்தால் மக்கள் கொதிப்பது இயல்பே. பாதிக்கப்பட்டோரின் நிலையை எண்ணிப் பார்க்கும் எவரும் அக்கோபத்தைக் குறை கூற மாட்டார். நாம் கேட்பது வேறு. குற்றவாளியின் நிறமும் பாதிக்கப்பட்டவரின் நிறமும் மாறும்போது அக்கோபம் எங்கே போய்விடுகிறது?

வில்லியம் ஹார்ட்டன் என்ற கறுப்பினத்தவர், 1974-இல் நடந்த ஒரு கொலைக்காக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆயுள் தண்டனை அனுபவித்து வந்தார். 1986-இல் வார இறுதி விடுப்பில் வெளியே சென்றவர் திரும்பவில்லை. மறு ஆண்டு மேரிலாந்தில் ஒரு வீட்டில் புகுந்து, ஓர் இளைஞரைக் கத்தியால் குத்தி, அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை வன்புணர்ந்தார். 1988 அதிபர் தேர்தலில் அம்மாநில ஆளுநர் டுகாகிஸ் போட்டியிட்டபோது, ஜார்ஜ் புஷ்ஷின் ஆதரவாளர்கள் ஹார்ட்டனின் முகத்தையே தொலைக்காட்சி விளம்பரமாக்கினர். தம்மை எவரும் 'வில்லி' என்று அழைத்ததில்லை என்று அவர் பின்னாளில் கூறினார்; நாடோ அவரை 'வில்லி' என்றே அறிந்தது. அந்த விடுப்புத் திட்டம் 1972-இல் புஷ்ஷின் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் காலத்தில் தொடங்கியது என்பதும், ரீகன் ஆட்சியில் மத்தியச் சிறைகளிலும் விடுப்பு வழங்கப்பட்டது என்பதும் அந்தக் கொந்தளிப்பில் எடுபடவில்லை.

இதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் அதே நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் பெண்களும் முதியவர்களும் கைக்குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். வெள்ளையரான லெப்டினன்ட் வில்லியம் கேலி, குறைந்தது 22 பேரைக் கொன்றவர் என்று 1971-இல் ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை விதித்தது. மறுநாளே அதிபர் நிக்சன் அவரைச் சிறையிலிருந்து எடுத்து வீட்டுக் காவலில் வைக்க ஆணையிட்டார். வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவிந்தன; பெரும்பாலானவை கேலிக்கு ஆதரவானவை. அன்று ஜார்ஜியா ஆளுநராயிருந்த ஜிம்மி கார்ட்டர், பகலிலும் வாகன விளக்குகளை எரியவிட்டு ஆதரவு காட்டும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். 1974-இல் கேலி விடுதலையானார். பின்னர் மாமனாரின் நகைக்கடையில் வேலை பார்த்தார். அங்கு கோபம் எழுந்தது, அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டதற்காக.

ஒன்று போர்க்களம், மற்றொன்று குடியிருப்பு. இரண்டையும் ஒப்பிடலாமா என்று சிலர் கேட்பர். கைக்குழந்தை எந்தப் போரில் ஆயுதம் ஏந்தியது? மேலதிகாரிகளைத் தப்பவிட்டு கேலியை மட்டும் பலியாக்கினார்கள் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது மேலதிகாரிகளையும் தண்டிப்பதற்கான வாதமே தவிர, கேலியை விடுவிப்பதற்கானது அன்று.

மக்ஸூம் குலத்துப் பெண் ஒருத்தி திருடியபோது, உயர்குலத்தவள் என்பதால் அவளுக்காகப் பரிந்துரைக்க உஸாமா (ரலி) அவர்களைக் குறைஷியர் அனுப்பினர். நபி (ஸல்) அவர்கள் சினம் கொண்டார்கள். தம் மகள் ஃபாத்திமாவே ஆயினும் அதே தண்டனைதான் என்று அறிவித்தார்கள். நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கும் செய்திதான் இது. உயர்குலத்தாரை விட்டுவிட்டு எளியோரைத் தண்டிக்கும் வழக்கம் அமெரிக்கா கண்டுபிடித்தது அன்று என்பதை அதிலிருந்தே அவர்கள் அறியலாம்.

இதைப் பேசும்போது நம்மவர் சிலர் மறுகோடிக்குச் சென்றுவிடுகின்றனர். ஹார்ட்டனை இனவெறிக்கு இரையானவராக மட்டுமே காட்டி, மேரிலாந்தில் அவர் செய்ததை ஒரு சொல்லில் கடந்துவிடுகின்றனர். அந்தப் பெண்ணும் அந்த இளைஞரும் பட்ட வேதனை, விளம்பரக்காரர்களின் இனவெறியால் குறைந்துவிடவில்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்ற இறைக்கட்டளை (5:8), அநீதி இழைக்கப்பட்டவர் பக்கம் நின்று பேசும்போதும் நம்மைக் கட்டுப்படுத்தும். ஆகவே, ஹார்ட்டன் மீது எழுந்த கோபத்தைத் தணிக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. மை லாய் மக்களுக்காக அக்கோபம் ஏன் எழவில்லை என்றே கேட்கிறோம்.

'வில்லி ஹார்ட்டன்' என்ற பெயர் இன்றளவும் அமெரிக்கத் தேர்தல் பேச்சுகளில் அடிபடுகிறது. மை லாய் அமைந்த சோன் மி ஊரின் நினைவகச் சுவரில் 504 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மூத்தவருக்கு வயது 82, இளைய குழந்தைக்கு 1. அவர்களுள் ஒருவரின் பெயரைக்கூட அந்தத் தேர்தல் மேடைகளில் எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.