குருக்களுக்கான செபம்

பூந்தமல்லியில் உள்ள திரு இருதய குருத்துவக் கல்லூரி 1936இல் சென்னைப் பேராயர் லூயி மத்தியாஸ் காலத்தில் தொடங்கப்பட்டது. இத்தகைய கல்லூரிகளில் மெய்யியலும் இறையியலும் பயின்று பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னரே ஒருவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்படுகிறார். மறைமாவட்டக் குரு மணத்துறவையும் ஆயருக்குக் கீழ்ப்படிதலையும் வாக்களிக்கிறார். புனித வாரத்தில் நடைபெறும் எண்ணெய் அர்ச்சிப்புத் திருப்பலியில் குருக்கள் இவ்வாக்குறுதிகளை மக்கள் முன் புதுப்பிக்கின்றனர். அப்போது ஆயர், குருக்களுக்காகவும், அடுத்துத் தமக்காகவும் செபிக்கும்படி மக்களைக் கேட்கிறார். மேய்ப்பரே மந்தையிடம் செபத்தை வேண்டிநிற்கும் இந்தப் பகுதி அவ்வழிபாட்டின் மிக அழகிய இடம். பலர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுவது வருத்தத்திற்குரியது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், குருக்களின் புனிதத்திற்காகச் செபிக்கும் நாளை இயேசுவின் திரு இருதயப் பெருவிழாவோடு இணைத்தார். பூந்தமல்லிக் கல்லூரி தாங்கியிருப்பதும் அதே பெயர்தான். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் போதாது. திருநிலைப்பாட்டு விழாவில் மாலையோடு சூழ்ந்து நிற்கும் கூட்டம், இருபது ஆண்டுகளுக்குப் பின் புதிய பங்கில் தனியே இரவு உணவு உண்ணும் குருவைச் சூழ்ந்திருப்பதில்லை. சோர்வும் தனிமையும் இடமாற்றமும் அழைத்தலைச் சோதிப்பது அந்த ஆண்டுகளில்தான். குடும்பச் செபமாலையில் பங்குத்தந்தையின் பெயர் நாள்தோறும் சேர வேண்டியதும் அதனால்தான். இச்செபம் தவறுகளை மூடிமறைக்கும் திரை ஆகாது. தவறிழைத்த குரு திருச்சபைச் சட்டத்திற்கும் நாட்டின் சட்டத்திற்கும் பதில் சொல்லியாக வேண்டும். காயப்பட்டவர்களுக்கான மன்றாட்டும் அதே செபத்தில் இடம்பெற வேண்டும்.